பெண்கள் பாத்ரூமுக்காக

ஒடீலாவைப் பற்றி நான் எழுதுவது அவளுக்குத் தெரியும். "எழுதுறதா இருந்தா நடந்ததை எழுது. உன் சங்கத்து நோட்டீஸ் மாதிரி எழுதித் தொலைக்காதே" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

முழுப்பெயர் ஒடீலா மரியா ரெக். வயது ஐம்பத்தொன்று. பிரேசிலின் தெற்குக் கோடியில், எங்கள் சாந்தா ஒலீவியாவில், கோழிக் கம்பெனியின் கால் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறாள். கொக்கியில் தொங்கி வரும் கோழிக்காலை எடுத்து, கத்தியால் கீறி, எலும்பை உருவி, சதையை பெல்ட்டில் போட வேண்டும். ஒரு காலுக்குப் பதினேழு வினாடி. அவளுக்கு இடது பக்கம் நிற்கிற லொரேனி நான். நானும் அதே இருபத்திரண்டு வருடம். தொழிற்சங்கப் பிரதிநிதியும் நான்தான். அவள் வாரம் மூன்று நாள் சபைக்குப் போகிறவள், நான் எந்தச் சபை வாசலையும் மிதிக்காதவள். அவள் என்னை 'கம்யூனிஸ்டு' என்பாள், நான் அவளை 'அல்லேலூயா' என்பேன். இந்த இரண்டு பெயரும் எங்களுக்குள் கோபத்தில் வந்ததில்லை.

அவள் பிறந்தது மலைமேல் ஒரு புகையிலைத் தோட்டத்தில், ஒன்பது பேரில் ஆறாவதாக. படித்தது நாலாம் வகுப்பு. புருஷன் பராகுவே பக்கம் லாரி ஓட்டப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அதைப் பற்றிக் கேட்டால், "அவன் குறட்டை விடுவான், இப்ப அவ கேக்கட்டும்" என்பாள். ஒரே மகள் தாய்னாரா, மாநிலத் தலைநகரில் மருந்துக்கடையில் வேலை. சபையில் அக்டோபர் மாதத் திருவிழாச் சமையலுக்கு ஒடீலாதான் தலைமை. இருநூறு பேருக்குப் பொலெந்தா என்கிற மக்காச்சோளக் களியும் கேக்கும் அவள் கண்ணளவிலேயே செய்துவிடுவாள்.

இனி மணப்பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பிரிவில் நாற்பத்திரண்டு பெண்கள். சூப்பர்வைசர் ஜாந்தீரின் மேஜைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி, அதில் உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பிளேட்டு. அது கையில் இருப்பவள்தான் பாத்ரூம் போகலாம். அவள் திரும்பி வந்து அடுத்தவளிடம் கொடுக்க வேண்டும். ஷிஃப்டு காலை ஐந்துக்கு ஆரம்பித்து மதியம் இரண்டு நாற்பத்தெட்டுக்கு முடியும். அதற்குள் ஒருத்திக்கு இரண்டு முறை. நடுவில் ஓய்வு உண்டு, சட்டப்படி. ஆனால் ஏப்ரன், கம்பிவலைக் கையுறை, பூட்ஸ் எல்லாவற்றையும் கழற்றி மாட்டி, கையைக் கழுவிக் கழுவி வருவதற்குள் ஓய்வு முடிந்துவிடும். கழிப்பறையோ மூன்றே மூன்று. தேவைப்படும்போது போகலாம் என்றும் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள், படிக்க நேரம்தான் கிடையாது. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் மணப்பெண் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. மாப்பிள்ளை வேர்த்து வழிய நிற்பான், அவள் ஒரு மணி நேரம் கழித்து இறங்குவாள். அதனால்தான் அந்தப் பிளேட்டுக்கு மணப்பெண் என்று பெயர். "மணப்பெண் எங்கடி?" "இப்பத்தான் உள்ள போயிருக்கா." நாள் முழுக்க இந்தப் பேச்சுதான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம், மணப்பெண் வரத் தாமதமான ஒரு காலையில், ஒடீலா கத்தியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். கொக்கியில் மூன்று கால்கள் அவளைத் தாண்டிப் போயின. திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. வெள்ளைப் பேண்டில் தொடை வரைக்கும் நிறம் மாறியிருந்தது. நான் தரை கழுவும் குழாயை எடுத்து, கை தவறியது போல அவள் இடுப்புக்குக் கீழே பீய்ச்சி அடித்தேன்.

"கண்ணு அவிஞ்சு போச்சாடி உனக்கு!" என்று கத்தினாள்.

"வழுக்கிருச்சுடி" என்றேன்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

போன வருடம் அவளுக்குச் சிறுநீரகத்தில் தொற்று வந்தது. ஒருமுறை இல்லை, ஆறு மாதத்தில் இரண்டு முறை, இரண்டாவது ஜூனில். சுகாதார நிலையத்து டாக்டர், நிறைய தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கி வைக்கக் கூடாது என்றார். "டாக்டர், ரெண்டுல ஒண்ணை மட்டும் சொல்லுங்க" என்றாளாம் இவள்.

அந்தச் சமயத்தில் அவளைக் காப்பாற்றியது ரூபியானி. ஜூன் மாதம் எங்கள் பிரிவில் சேர்ந்தவள், வடக்கே பாரா மாநிலத்திலிருந்து மூன்று நாள் பஸ்ஸில் வந்தவள். ரூபியானி ஒரு திருநங்கை. கம்பெனிப் பதிவில் பெண், அடையாள அட்டையிலும் பெண். உடை மாற்றும் அறையில் முதல் வாரம் சில பேர் முணுமுணுத்தார்கள். ஒடீலாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ரூபியானியை நிற்க வைத்தது ஒடீலாவுக்கு நேர் எதிரில். நாளெல்லாம் ஒருத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கால் வெட்டினால் எத்தனை நாள்தான் உம்மென்று இருக்க முடியும்? போதாததற்கு, ரூபியானி வாய்க்காரி. எங்கள் ஜூன் மாதக் குளிரில் நடுங்கிக்கொண்டே, "அக்கோவ், இந்த ஊர்ல செத்தவங்களைப் பொதைக்கறதா, இல்ல ஃபிரிஜ்ஜுல வெச்சுட்டாங்களா?" என்பாள். ஒடீலா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்த ரூபியானி தன் முறை வரும்போதெல்லாம் பிளேட்டை ஒடீலாவிடம் நீட்டிவிடுவாள். "எனக்கு வேணாம்க்கா. நான் ஒட்டகம். நீங்க போங்க." அப்படியாக ஒடீலாவுக்கு ஒரு நாளைக்கு நாலு முறை கிடைத்தது. இளவயது உடம்பு, தாங்குகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஒடீலா, "ஒரு பேப்பர்ல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கப் போறேன்" என்று கிளம்பினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆறு வருடமாகச் சங்கம் இதற்காக நோட்டீஸ் அடித்துக்கொண்டிருக்கிறது, ஒருத்தரும் படித்ததில்லை. உட்கார்ந்து ஒரு முகப்புரை எழுதிக் கொடுத்தேன். 'உழைக்கும் பெண்களின் உடலியல் கண்ணியத்தைத் திட்டமிட்டு மறுக்கும் உற்பத்தி முறைக்கு எதிராக' என்று ஆரம்பிக்கும். அவள் இரண்டு வரி படித்தாள்.

"கம்யூனிஸ்டு, இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு ரெண்டு தடவை வந்துரும்."

கோடு போட்ட நோட்டுத் தாளை எடுத்து, மேலே தன் கோணல் எழுத்தில் மூன்றே வார்த்தை எழுதினாள்: 'எங்கள் பெண்கள் பாத்ரூமுக்காக' என்று. பிறகு 'எங்கள்' என்பதை அடித்துவிட்டாள், அதிகப்படி என்று. மிச்சம் இரண்டு வார்த்தை. அதன் கீழே முதல் ஆளாகத் தன் கையெழுத்தைப் போட்டாள்.

எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. கால் பிரிவில் பாத்ரூம் என்றால் ஒரே அர்த்தம்தான். "பாத்ரூம் பேப்பர்ல போட்டாச்சா?" என்று கேட்டால், பேக்கிங் பிரிவு வரைக்கும் எல்லோருக்கும் புரியும். சபைக்கு எடுத்துப் போனாள், மகள்களையும் மருமகள்களையும் கம்பெனிக்கு அனுப்பியிருந்த சகோதரிகள் போட்டார்கள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. என் கையெழுத்து இரண்டாவது. ரூபியானியுடையது பத்தொன்பதாவது.

ஆனால் கம்பெனிக்கு வெளியே, அந்தக் குளிர்காலத்தில், பாத்ரூம் என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்திருந்தது. ஊரில் எல்லார் போனிலும் அதே வீடியோதான். பள்ளிக்கூடத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கழிப்பறை கட்டப் போகிறார்கள், பெண்கள் பாத்ரூமுக்குள் யார் யாரோ நுழையப் போகிறார்கள் என்று. அப்படி ஒரு கழிப்பறையை எங்கள் ஊரில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் அதை நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள் பலர். ஒடீலாவின் போனில் சபையின் ஜெபக்குழு மட்டும்தான் உண்டு. அவளுக்கு இதெல்லாம் பட்டணத்துச் சமாச்சாரம்.

கையெழுத்துத் தாள்களை அவள் என்னிடம் தரவில்லை. கவுன்சிலர் வால்டெசீரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். வால்டெசீர் மாட்டுத் தீவனக் கடைக்காரர், அவள் சபையில் மூப்பர், தினமும் போனில் நேரலையில் வந்து ஏதாவது பேசுகிறவர். சங்கத்தைவிட அவர்மேல் அவளுக்கு நம்பிக்கை. சபை வாசலில் நடந்த பேச்சைப் பின்னால் அவள் எனக்கு அப்படியே சொன்னாள்.

"சகோதரி, இது பெண்கள் பாத்ரூமுக்காகவா?"

"ஆமா பிரதர். பொம்பளைங்களுக்காகத்தான்."

"பொம்பளைங்களுக்கு மட்டும்தானே?"

"பின்னே? ஆம்பளைங்களுக்கு இந்தத் தொல்லை இல்லையே பிரதர்."

"ரொம்ப சரி. இது சமீபத்துல ஆரம்பிச்சதா?"

"முன்னாடியே உண்டு. இந்த ஜூனுக்கப்புறம்தான் என்னால சுத்தமா தாங்க முடியல."

"ஜூன்ல" என்று அவர் தலையை ஆட்டினாராம். "எல்லாம் கேள்விப்பட்டேன் சகோதரி. கவலைப்படாதீங்க. நகர மன்றத்துல நான் பேசறேன்."

அவர் தப்பாகத்தான் புரிந்துகொண்டார் என்று ஒடீலா இன்றைக்கும் சொல்கிறாள். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. அடுத்த வருடம் தேர்தல். ஒரு மனுஷனுக்கு எது வேண்டுமோ அதுதான் அவன் காதில் விழும்.

வியாழக்கிழமை வீடியோ வந்தது. வால்டெசீர் தாள்களை விசிறி போல் பிடித்துக்கொண்டு நின்றார். கோழிக் கம்பெனியின் இருநூற்றுப் பன்னிரண்டு தாய்மார்கள் கண்ணீரோடு கேட்கிறார்கள், பெண்கள் பாத்ரூமைக் காப்பாற்றுங்கள், ஆணாகப் பிறந்தவர் யாரும் அதற்குள் போகக் கூடாது, திங்கட்கிழமை மன்றத்தில் தீர்மானம் கொண்டுவருகிறேன் என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, ஊரில் எல்லோருக்கும் ரூபியானியைத் தெரியும்.

கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அதைப் பார்த்தேன். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. இந்த இடத்தில் நான் செய்த கேவலத்தையும் எழுதியாக வேண்டும். கையெழுத்துப் போட்ட அன்று என் போனில் எடுத்திருந்த அந்தத் தாளின் படத்தைச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் போட்டேன். முதல் கையெழுத்தைச் சிவப்பில் வட்டம் போட்டு, 'உழைக்கும் வர்க்கத்தின் முதுகில் குத்தியவள்' என்று எழுதினேன். இரண்டாவது கையெழுத்து என்னுடையது, அதைப் படத்தில் வெட்டிவிட்டேன். எங்கள் கஷ்டத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்கி என்னையும் ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் அறுநூறு இதயக் குறி விழுந்தது, முக்கால்வாசி எங்கள் ஊரை வரைபடத்தில்கூடப் பார்த்திராதவர்களிடமிருந்து. இப்படிப்பட்டவளை வேலையைவிட்டுத் தூக்க வேண்டும் என்று ஒரு தோழர் எழுதியிருந்தார். தொழிற்சங்கப் பக்கத்தில்! நான் அதற்கும் ஒரு இதயம் போட்டேன்.

ஒடீலாவின் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு. போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை அவள் கண் வீங்கி வந்தாள். முந்தின நாள் மகள் தாய்னாரா அழைத்து, "அம்மா, நீ இப்படிப்பட்டவளா?" என்று அழுதிருக்கிறாள். அப்போதுதான் ஒடீலாவுக்கு விஷயமே தெரியும். உடை மாற்றும் அறையில் என் முன்னால் வந்து நின்றாள்.

"நீ என்னைக் கேக்கவே இல்லையே லொரேனி" என்றாள். "ரெண்டு தெருதானே."

கம்யூனிஸ்டு என்று கூப்பிடவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் என் பெயர் எனக்குக் கசந்தது. சபை வாசலில் நடந்ததை அப்போதுதான் சொன்னாள். நான் அங்கேயே நின்று பதிவை அழித்தேன். ஆனால் அழித்தால் அழிகிற காலமா இது?

பெல்ட் ஓட ஆரம்பித்தது. ஏழு மணிக்கு ஜாந்தீர் வந்து ரூபியானியிடம், செவ்வாய்க்கிழமையோடு அவளுடைய தொண்ணூறு நாள் தகுதிகாண் காலம் முடிகிறது, மன்றத்தில் என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டு ஆபீசில் முடிவு சொல்வார்கள் என்றார். தகுதிகாண் காலத்தில் வேலையைவிட்டு நிறுத்தக் காரணம் காட்ட வேண்டியதில்லை. ரூபியானி சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த காலை எடுத்தாள்.

எட்டேகாலுக்கு மணப்பெண் அவளிடம் வந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. வழக்கம்போலக் கையை மட்டும் நீட்டி ஒடீலாவிடம் கொடுத்தாள். ஒடீலா வாங்கிக்கொண்டாள், வாங்காமல் இருக்க அவள் உடம்பு விடாது. போய்விட்டு வந்தவள் அடுத்த காலை எடுக்காமல் ரூபியானியையே பார்த்தாள்.

ஓய்வு நேரத்தில் பெஞ்சில் ரூபியானிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் இந்தப் பக்கம்.

"ஒரு விஷயம் கேக்கணும். உனக்கு ஏன் வரவே மாட்டேங்குது?"

"என்னதுக்கா?"

"ஒண்ணுக்கு."

ரூபியானி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "வராம என்னக்கா? உள்ள போனா யாராவது கத்துவாங்க. ஆம்பளைங்க பக்கம் போனா அது வேற மாதிரி. அதான் வீட்டுக்குப் போயி. காலையில இருந்து தண்ணி குடிக்கறதில்ல, பழகிருச்சு."

"மூணு மாசமாவா?"

"முன்னாடி வேலை பாத்த எடத்துலயும் அப்படித்தான்."

ஒடீலா அவள் பக்கம் முழுக்கத் திரும்பினாள். "அப்ப எதுக்குடி அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டே?"

"நீங்கதானேக்கா நீட்டினீங்க. பெண்கள் பாத்ரூமுக்காகன்னு எழுதியிருந்துச்சு. எனக்கும் சேத்துத்தான்னு நெனச்சேன்."

மணி அடித்தது. எழுந்து போனோம்.

சனிக்கிழமை ஒடீலா தீவனக் கடைக்குப் போய்த் தாள்களைத் திருப்பிக் கேட்டாள். வால்டெசீர் கோபப்படவே இல்லையாம், அதுதான் அவளுக்குப் பயமாக இருந்ததாம். "வார்த்தை உங்களோடது சகோதரி. நான் ஒரு எழுத்து சேர்க்கல. இப்ப பின்வாங்கினா சபையில என்ன நெனப்பாங்க? அப்படி என்னதான் கஷ்டம்னு மன்றத்துல எந்திரிச்சு நீங்களே சொல்வீங்களா?" சொல்ல மாட்டாள் என்று அவருக்கு நிச்சயம். எனக்கும் நிச்சயம். ஐந்து வருடமாக என்னிடமே சொல்லாதவள்.

ஞாயிற்றுக்கிழமை நான் அவளுக்காக ஒரு பேச்சு எழுதி எடுத்துப் போனேன், மூன்று பக்கம். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தாள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள்.

திங்கள் சாயங்காலம் மன்றம் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் நாட்டுக் கொடியின் மஞ்சள் பச்சை நிறச் சட்டையில் வால்டெசீரின் ஆதரவாளர்கள். இன்னொரு பக்கம் தலைநகரிலிருந்து என் பதிவைப் பார்த்து வந்த மூன்று தோழர்கள், கையில் பதாகையோடு. பொதுமக்கள் பேச ஐந்து நிமிடம் உண்டு, முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். ஒடீலா பெயர் கொடுத்திருந்தாள். சபைக்குப் போகிற நீளப் பாவாடையோடு மைக்கின் முன்னால் வந்து நின்றாள். முதல் வரிசையில் பாஸ்டரின் மனைவி உட்கார்ந்திருந்தார். ரூபியானி வரவில்லை, வர வேண்டாம் என்று நாங்கள்தான் சொல்லியிருந்தோம்.

"நான் ஒடீலா ரெக். அந்தப் பேப்பர்ல மொதல் பேரு என்னோடது" என்று ஆரம்பித்தாள். மஞ்சள் சட்டைகள் கை தட்டின. "தட்டாதீங்க, அஞ்சு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க. எங்க பிரிவுல நாப்பத்திரெண்டு பொம்பளைங்க, ஒரு பிளேட்டு. அது வந்தாத்தான் பாத்ரூம் போகலாம். அதைத்தான் எழுதினேன். யாரு போகக் கூடாதுன்னு நான் எழுதல. எங்களைப் போக விடுங்கன்னு எழுதினேன்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அவள் மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஜூலை மாசம், பிளேட்டு வரல. நான் நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டேன். எனக்கு அப்ப நாப்பத்தாறு வயசு. பூட்ஸுக்குள்ள எறங்கிச்சு. மொதல்ல சூடா இருந்துச்சு, அப்புறம் சில்லுன்னு ஆயிருச்சு. ஷிஃப்டு முடியறவரைக்கும் அதுலயே நின்னு கால் வெட்டினேன். நீங்க வாங்கித் தின்ன கால்தான்."

பாஸ்டரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

"பக்கத்துல நின்னவ குழாயைத் திருப்பி என்மேல பீய்ச்சினா, யாருக்கும் தெரியக் கூடாதுன்னு. நான் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இதுவரைக்கும் அவளுக்கு நன்றி சொல்லல. இப்ப சொல்லிக்கறேன்."

நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தோழர்களின் பதாகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

"வால்டெசீர் பிரதர், அந்தப் பேப்பர்ல பத்தொன்பதாவது பேரைப் படிங்க."

அவர் படிக்கவில்லை. மன்றத் தலைவி கை நீட்டித் தாளை வாங்கிப் படித்தார். "ரூபியானி கார்வால்யோ."

"அவதான்" என்றாள் ஒடீலா. "தன்னை வெளிய போடச் சொல்லி யாராவது கையெழுத்துப் போடுவாங்களா?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். அது தொற்றிக்கொண்டு மஞ்சள் சட்டைகளிலும் சிலர் சிரித்தார்கள். ஒடீலா சிரிக்கவில்லை.

"மூணு மாசமா அவ முறையை எனக்குத்தான் குடுக்கறா. ஏன்னா அவ போறதே இல்ல. கத்துவாங்கன்னு பயம். தண்ணி குடிக்காம நிக்கறா. யாரைப் பாத்து நீங்க இவ்வளவு பயப்படறீங்களோ, அவ அந்தப் பாத்ரூமை இன்னும் கண்ணால பாத்ததில்ல பிரதர். என் பேரை அடிச்சிருங்க. இல்லன்னா உங்க தீர்மானத்தை அடிங்க. எனக்கு அவ்வளவுதான் பேசத் தெரியும்."

இன்னும் ஒன்றரை நிமிடம் பாக்கி இருந்தது. யார் கை தட்டுவது என்று இரண்டு பக்கத்துக்கும் புரியவில்லை. தோழர்கள் தட்டினார்கள், ஆனால் அவர்களும் தாமதமாகத்தான். வால்டெசீர் எழுந்து, விஷயத்தை இன்னும் ஆராய வேண்டியிருப்பதால் தீர்மானத்தைத் தற்போதைக்குத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். தற்போதைக்கு என்பதை இரண்டு முறை சொன்னார்.

இதனால் ஊர் மாறிவிட்டது என்று நான் எழுதினால் ஒடீலா என்னை உதைப்பாள். இருநூற்றுப் பன்னிரண்டில் அறுபத்து மூன்று பேர்தான் பேப்பரிலிருந்து பெயரை அடிக்கச் சொல்லி வால்டெசீரிடம் போனார்கள். மற்றவர்கள், "போட்டது போட்டதுதான்" என்று இருந்துவிட்டார்கள். பொது இடத்தில் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டாள் என்று, திருவிழாச் சமையலின் தலைமையைச் சபையில் வேறொரு சகோதரிக்குக் கொடுத்தார்கள். ஒடீலா அதற்காக அழுதாள், என் வீட்டுச் சமையலறையில், சத்தமாகவே. அந்த வருடம் பொலெந்தா கட்டி தட்டிப் போயிருந்தது என்று கேள்விப்பட்டு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை. ரூபியானியின் தொண்ணூறாவது நாளைக் கம்பெனி ஒரு வார்த்தையும் பேசாமல் கடந்து போக விட்டது. இரண்டாவது பிளேட்டு நவம்பரில்தான் வந்தது, அதுவும் நாங்கள் நாற்பத்திரண்டு பேரும் ஒரு காலை முழுக்கக் கத்தியைக் கீழே வைத்த பிறகு. நீல நிறம். ரூபியானி அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது மன்றத்துக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலைதான்.

எட்டரைக்கு மணப்பெண் ரூபியானியிடம் வந்தது. அவள் வழக்கம்போல எதிரே நீட்டினாள். ஒடீலா கை நீட்டவில்லை.

"உன் முறை. நீ போ."

"எனக்கு வேணாம்க்கா. நான்…"

"நீ ஒட்டகமெல்லாம் இல்ல. போடி."

ரூபியானி பிளேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால்கள் தாண்டிப் போக ஆரம்பித்தன. ஒடீலா பெல்ட்டுக்கு மேலே எட்டி, அவள் பக்கத்துக் கொக்கியிலிருந்து ஒரு காலை உருவித் தன் முன்னால் போட்டுக்கொண்டாள். அடுத்ததை நான் எடுத்தேன். அதற்கடுத்ததை, அந்தப் பக்கம் இருந்த ஒருத்தி எடுத்தாள், தன் பேரை அடிக்கச் சொல்லிக் கடைசிவரை போகாதவள். ஜாந்தீர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் காகிதத்துக்குத் திரும்பினார். ரூபியானி போனாள்.

ஒன்பது நிமிடம். நாங்கள் காதடைப்பானை ஒரு பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டு வெட்டினோம். யாரும் கத்தவில்லை.

அடுத்த ஓய்வில் ரூபியானி தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் போய் நின்றாள். ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொன்று பிடித்தாள். மூன்றாவதைப் பாதியில் நிறுத்தி, மணப்பெண் தொங்குகிற ஆணியைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய அடுத்த முறைக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.

"குடி, குடி" என்றாள் ஒடீலா பெஞ்சிலிருந்து. "என் முறை ஒண்ணு உனக்கு வெச்சிருக்கேன்."